மருத்துவர் பதில்: பெரிட்டின் கூடினால் புற்றுநோய்தானா?

முல்லைத்தீவிலிருந்து எழுதிய சகோதரிக்கு,

வைத்தியசாலையில் இருக்கும் கணவரின் இரத்தத்தில் பெரிட்டின் (இரும்பைச் சேமித்துவைக்கும் புரதம்) 12,000ஐத் தாண்டியதைக் கண்டு, கைத்தொலைபேசியில் தேடி, இது இரத்தப் புற்றுநோய், வைத்தியர்கள் எங்களுக்கு ஒளிக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்துவிட்டீர்கள். அந்த எண் புற்றுநோய்க்கு மட்டும் உரியதன்று. கடும் அழற்சி எதிலும் அது ஏறும். மூன்று வாரமாக மாலையில் 39 பாகைக்கு மேல் ஏறி விடியுமுன் இறங்கும் காய்ச்சல், தொண்டை நோ, மணிக்கட்டிலும் முழங்காலிலும் வீக்கம், கூடிய வெண்குருதிக் கலங்கள் ஆகியவற்றோடு இந்தப் பெரிட்டினும் சேர்ந்தால், வளர்ந்தோருக்கு வரும் ஸ்டில் நோயை எண்ணிப் பார்க்க வேண்டும். மூட்டு, ஈரல், மண்ணீரல், இதய உறை எனப் பல உறுப்புகளைத் தொடும் அரிய அழற்சி நோய் அது.

அதைக் காட்டித்தரும் தனிப் பரிசோதனை எதுவும் இல்லை. 1992இல் ஜப்பானிய மருத்துவர்கள் வகுத்த அளவுகோலே, தொற்றும் புற்றும் இல்லையென்று கண்ட பின்னரே இந்தப் பெயரைச் சூட்டலாம் என்கிறது. வன்னியில் வயலில் இறங்கி வேலை செய்பவருக்கு எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், மண்ணிலும் நீரிலும் உள்ள பக்டீரியாவால் வரும் மெலியோய்டோசிஸ், காசநோய் ஆகியவற்றை விலக்காமல் எந்த வைத்தியரும் அப்பால் போக முடியாது. நாளுக்கொரு கதை சொல்கிறார்கள் என்று நீங்கள் குறைப்படுவது இந்த விலக்கும் வேலையைத்தான். எலும்பு மச்சைப் பரிசோதனையும் அதில் ஒரு பகுதியே.

இரவில் நெஞ்சிலும் தொடையிலும் சாரம் இறுக்கிய இடுப்பிலும் இளஞ்சிவப்பாகத் தடித்து, காலையில் வைத்தியர் வரும்போது மறைந்துவிடுகிறது என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துவிட்ட அந்தத் தோல் மாற்றம், உங்கள் கடிதத்திலேயே பெறுமதியான செய்தி. கறுத்த தோலில் அது எளிதில் தெரியாது. காய்ச்சல் ஏறும் நேரத்தில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, நேரத்தையும் குறித்துக் காட்டுங்கள். முடி உதிர்வதை விட்டுவிடுங்கள். நீண்ட காய்ச்சலின் பின் உதிரும், திரும்ப முளைக்கும்.

மைத்துனர் பாமசியில் வாங்கிவந்து வார்ட்டில் இரகசியமாகக் கொடுத்த பிரெட்னிசலோனை, அதாவது அழற்சியையும் உடலின் எதிர்ப்பையும் அடக்கும் ஸ்டீரொயிட் குளிசையை, என்னால் அப்படி விட முடியாது. ஸ்டில் நோய்க்கு அது மருந்துதான்; ஆனால் உள்ளே காசநோயோ மெலியோய்டோசிஸோ இருந்தால் உயிருக்கே ஆபத்தாகும், நிணநீர்ப் புற்று இருந்தால் பரிசோதனையில் அகப்படாமல் மறைத்துவிடும். எத்தனை குளிசை, எந்த நாட்களில் என்பதை இன்றைக்கே வைத்தியரிடம் சொல்லுங்கள். ஏசுவார் என்று பயந்து மறைக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத, ஆனால் கண்ணை எடுக்கக்கூடாத ஒன்று உண்டு. இந்த நோயில் சிலருக்கு உடலின் எதிர்ப்புக் கலங்கள் கட்டுமீறித் தமது குருதிக் கலங்களையே விழுங்கத் தொடங்கும். அப்போது கூடியிருந்த வெண்குருதிக் கலங்கள் சடுதியாகக் குறையும், இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் விழும், அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான ஈ.எஸ்.ஆர். கூட இறங்கும். பரிசோதனைத் துண்டில் எண்கள் இறங்குவதைப் பார்த்துச் சுகம் வருகிறது என்று வீட்டார் மகிழ்வார்கள், ஆளோ மோசமாகிக்கொண்டிருப்பார். விட்டுவிட்டு வந்த காய்ச்சல் இறங்காமல் நின்றால், பல் முரசிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்தால், கண் மஞ்சளானால், பேச்சுத் தடுமாறி அரைத்தூக்கத்தில் கிடந்தால், நடுச்சாமமானாலும் தாதியை எழுப்பிச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு இப்படி நேர்ந்தால் கிளினிக் திகதிவரை காத்திராமல், அந்த மணித்தியாலத்திலேயே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.