ஜெர்மானிய அரச குலத்தாரின் கையெழுத்து ஆவணங்கள்: கேள்வி பதில்

கேள்வி: பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் கடிதம் ஒன்று ஏலத்துக்கு வருகிறது. அடியில் ‘பெடெரிக்’ என்று ரகரம் விடுபட்டிருக்கிறது. போலியா?

பதில்: அந்தக் காரணத்தால் போலியாகாது. பிரெஞ்சிலேயே எழுதிப் பழகிய அவர் தம் பெயரை அப்படித்தான் எழுதினார். செயலாளர்கள் எழுதிய ஜெர்மன் ஆணைகளின் அடியிலோ இரண்டு மூன்று எழுத்துகளைக் கிறுக்கி முடித்துவிடுவார். நீங்கள் பார்க்க வேண்டியது ஒப்பத்தை அன்று, அதற்கு மேலுள்ள வாசகத்தை. 1740 முதல் 1786 வரை ஆட்சி செய்த அவரது பெயரில் சென்ற கடிதங்களுள் மிகப் பல, பிறர் எழுதி அவர் ஒப்பமிட்டவை. ‘கைப்பட எழுதிய கடிதம், ஒப்பத்துடன்’ என்பதும் ‘கடிதம், கைப்பட இட்ட ஒப்பத்துடன்’ என்பதும் ஜெர்மன் ஏலப் பட்டியலில் சில எழுத்துச் சுருக்கங்களாகவே இருக்கும். ‘கைப்பட’ என்பது எந்தச் சொல்லுக்கு முன் நிற்கிறது என்று பாருங்கள். விலையில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: கடிதத்தின் ஓரத்தில் ஓட்டை இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். உறைகள் பரவுவதற்கு முன் தாளையே மடித்து அரக்கு முத்திரை வைத்தார்கள். பிரித்தபோது கிழிந்த இடம் அது.

கேள்வி: ஜெர்மானியப் பேரரசின் முதல் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கின் ஒப்பத்தை மட்டும் வெட்டி அட்டையில் ஒட்டியிருக்கிறார்கள்.

பதில்: வாசகம் எங்கே? யாருக்கு, எப்போது, எதற்காக எழுதியது என்பதெல்லாம் கத்தரிக்கோலோடு போய்விட்டது. விட்டுவிடுங்கள்.

கேள்வி: பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் படத்தில் ‘வில்ஹெல்ம் ஐ.ஆர்.’ என்ற ஒப்பமும் 1926 என்ற ஆண்டும் உள்ளன. அவர் 1918இலேயே முடி துறந்தவராயிற்றே?

பதில்: துறந்தார், 1918 நவம்பர் 28 அன்று நெதர்லாந்தின் ஆமெரோங்கனில் அதற்கான பத்திரத்தில் ஒப்பமும் இட்டார். ஆனால் ‘பேரரசர், அரசர்’ என்னும் இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகளான அவ்விரண்டையும், 1920இல் டோர்ன் மாளிகைக்குக் குடியேறிய பிறகும் அவர் விடவில்லை.

கேள்வி: இல்லாத பதவியைச் சொல்லும் ஒப்பத்தை எப்படி உண்மை ஆவணம் என்கிறீர்கள்?

பதில்: ஆவணம் உண்மையாக இருப்பது வேறு, ஆவணம் உண்மை சொல்வது வேறு. முடியாட்சி போனபின் ஜெர்மன் குடியரசுக்கு வந்த 1919ஆம் ஆண்டின் வைமார் அரசமைப்பு, 109ஆம் பிரிவில் பிறப்புவழிச் சலுகைகளை ஒழித்து, பிரபுப் பட்டங்களைப் பெயரின் ஒரு பகுதியாக மட்டுமே விட்டுவைத்தது. அதை ஏற்காத ஒருவர் தம் மறுப்பை ஒவ்வொரு படத்திலும் பேனாவால் எழுதியிருக்கிறார். எனக்கு அந்தப் படங்களில் பிடித்ததே அந்தப் பிடிவாதந்தான்.

கேள்வி: பொய்யான பட்டம் என்றால் விலையாவது குறைய வேண்டாமா?

பதில்: பட்டத்தால் குறைவதில்லை, ஆதரவாளர்களுக்கு அவர் தாராளமாக வழங்கியதால் குறைகிறது. அச்சிட்ட ஒப்பங்களும் உலவுகின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடியில், இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பாருங்கள். பேனா மையானால் அங்கே கருமை கூடும்; அச்சானால் ஒரே சீரான கருமையோ சிறு புள்ளிகளோதான் தெரியும்.

கேள்வி: கேட்ட விலைக்கு மேல் எவ்வளவு ஆகும்?

பதில்: ஏல நிறுவனத்தின் கட்டணமாக ஏறத்தாழக் கால் பங்கு, அதன்மேல் வரி. நிபந்தனைகளை முன்பே படியுங்கள்.

கேள்வி: பழைய பிரஷ்ய நாணயங்களையும் மதிப்பிடுவீர்களா?

பதில்: நாணயம் என் துறையன்று.

கேள்வி: என்னிடம் 1931ஆம் ஆண்டுப் படம் இருக்கிறது. அதிலும் ‘ஐ.ஆர்.’ என்றே உள்ளது. போலியா?

பதில்: மேலே மூன்று முறை சொல்லியாயிற்று. கண்ணாடியை எடுங்கள்.