கப்பியில் தொங்கும் இரண்டு பொருளுக்கும் முடுக்கம் ஏன் ஒன்றே? கயிறு இழுக்கும் விசை (இழுவிசை) ஏன் கனமான பொருளின் எடை ஆகாது?

"கனமான பொருள்தானே கயிற்றை இழுக்கிறது, அதனால் இழுவிசை அதன் எடைக்குச் சமம் என்று போட்டேன், விடை தப்பு" என்று பதினொன்றாம் வகுப்பு மாணவர் கேட்டிருக்கிறார். மதுரை பழங்காநத்தத்தில் டியூஷன் எடுக்கிறேன். வருஷா வருஷம் இந்தப் பாடத்தில் நான் முதலில் பார்க்கும் தப்பு இதுதான். சூத்திரத்துக்கு முன்னால் ஒரு கிணற்றைப் பார்த்துவிடுவோம்.

சோழவந்தான் பக்கம் எங்கள் அம்மாச்சி வீட்டுக் கிணற்றில் ஒரே கயிற்றின் இரண்டு முனையிலும் வாளி கட்டியிருக்கும். ஒன்று நிறைந்து ஏறும்போது மற்றது காலியாக இறங்கும். ஏழாவது படிக்கும்போது, நிறைவாளி உச்சிக்கு வந்த நேரம் கயிறு என் கையிலிருந்து நழுவிவிட்டது. வாளி போகிறதே என்று குனிந்து கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாச்சி சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அடுத்த கணம் காலி வாளி மேலே பாய்ந்து வந்து கப்பி உருளையில் அடித்தது. வாளியின் விளிம்பு உள்பக்கமாக நசுங்கிவிட்டது.

"ஏய்யா, கவுத்த விட்டா இறங்குற வாளி மட்டுமா ஓடும்? ஏறுற வாளியும் அதே ஓட்டந்தான ஓடும்!"

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. கயிறு நீளாது, தொய்யவும் இல்லை. ஒரு பக்கம் 1 அடி இறங்கினால் மறுபக்கம் 1 அடி ஏறியே ஆக வேண்டும். எந்த நொடியிலும் தூரம் சமம் என்றால் வேகம் சமம், வேகம் மாறும் விதமும், அதாவது முடுக்கமும், சமம். திசை மட்டும்தான் எதிர்.

இனி கணக்கு. காலி வாளி 1 கிலோ, நிறைவாளி 10 லிட்டர் தண்ணீரோடு 11 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எடைகளின் வித்தியாசம் 10 × 9.8 = 98 நியூட்டன். முடுக்கம் காண இதை நிறைவாளியின் நிறையான 11-ஆல் வகுப்பவர்கள் நிறையப் பேர். அந்த 98 நியூட்டன் நிறைவாளியை மட்டும் நகர்த்தவில்லை, காலி வாளியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஆகவே 12-ஆல் வகுக்க வேண்டும். முடுக்கம் 8.17 மீ/வி². தண்ணீர் 6 மீட்டர் ஆழத்தில் இருந்தால் 1.2 விநாடியில் வேகம் விநாடிக்கு 10 மீட்டர் அளவுக்கு வந்துவிடும். அதாவது மணிக்கு சுமார் 36 கிலோமீட்டர். உருளையின் உராய்வு அதைக் கொஞ்சம் குறைத்திருக்கும். இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்றுதான் அம்மாச்சி என்னை எதிலிருந்து இழுத்தார் என்று எனக்குப் புரிந்தது.

இழுவிசைக்கு வருவோம். நிறைவாளியை அசையாமல் பிடித்திருக்கும்போது கயிறு தாங்குவது அதன் முழு எடையை, 107.8 நியூட்டன். கையை விட்டதும்? காலி வாளியை மட்டும் தனியாக வரைந்து பாருங்கள். மேலே இழுவிசை, கீழே 9.8 நியூட்டன் எடை, மேல்நோக்கி 8.17 முடுக்கம். இழுவிசை 9.8 + 8.17, கிட்டத்தட்ட 18 நியூட்டன். நிறைவாளிப் பக்கம் சரிபாருங்கள்: 11 × (9.8 − 8.17), அதுவும் 18 தான். 108-இலிருந்து 18-க்கு இறங்கிவிடுகிறது! நீங்கள் போட்டபடி இழுவிசை 107.8 ஆகவே இருந்திருந்தால் நிறைவாளியின் மேல் மிச்ச விசையே இருக்காது, அது விழவும் விழாது. இழுவிசை எப்போதும் இரண்டு எடைகளுக்கும் நடுவில்தான் நிற்கும். விடை வந்ததும் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள், பாதித் தப்பு அங்கேயே பிடிபடும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு பக்கமும் இழுவிசை ஒன்றே என்பது கப்பிக்கு நிறையும் உராய்வும் இல்லை என்று வைத்துக்கொண்டால்தான். இரும்பு உருளையைச் சுழற்றவும் விசை வேண்டும். 2 கிலோ திண்ம வட்டாக இருந்தால் அதன் நிறையில் பாதி, 1 கிலோ, வகுக்கும் எண்ணில் கூடும்: 98 ÷ 13, முடுக்கம் 7.54 ஆகும்.

அதேபோல எல்லாக் கப்பியிலும் முடுக்கம் ஒன்றே என்று மனப்பாடம் செய்யாதீர்கள். கட்டட வேலையில் பாரத்தோடேயே ஒரு கப்பியைக் கட்டி, கயிற்றின் ஒரு முனையை மேலே கட்டி வைப்பதும் உண்டு. அங்கே பாரம் 1 அடி ஏற 2 அடி கயிறு இழுக்க வேண்டும். பாரத்தின் முடுக்கம் கயிற்று முனையின் முடுக்கத்தில் பாதி.

கேம்பிரிட்ஜில் பாடம் நடத்திய ஜார்ஜ் அட்வுட் 1784-இல் வெளியிட்ட நூலில், கப்பியின் இரு பக்கமும் நிறை தொங்கும் இந்தக் கருவியை விவரித்தார். நேராக விழும் பொருளை அந்தக் காலக் கடிகாரத்தால் அளப்பது கஷ்டம். இரண்டு நிறைகளையும் கிட்டத்தட்டச் சமமாக வைத்தால் விழுவது மெதுவாகும், நிதானமாக அளக்கலாம்.

நீங்களே செய்து பாருங்கள். சின்னக் கப்பி ஒன்றை ஜன்னல் கம்பியில் கட்டி, ஒரு பாட்டிலில் 500 மில்லி, இன்னொன்றில் 550 மில்லி தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுங்கள். பாட்டிலின் நிறையை விட்டுவிட்டால் முடுக்கம் 0.47 மீ/வி², 1 மீட்டர் இறங்க 2 விநாடிக்குச் சற்று மேல். கப்பியின் உராய்வால் உங்கள் போன் ஸ்டாப்வாட்சில் நேரம் இன்னும் கூடுதலாகக் காட்டும். எவ்வளவு வந்தது என்று கீழே எழுதுங்கள், அதை வைத்து உராய்வு எவ்வளவு என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.