செயலாளரும் போட்டியாளரும்

கேள்வி: எங்கள் தோட்டத்து வாசகர் வட்டம் தீபாவளிக்குச் சிறுகதைப் போட்டி நடத்துகிறது. நான்தான் செயலாளர். பத்து வருடமாக எழுதியும் வருகிறேன். நடுவர்கள் வேறு ஆட்கள் என்பதால் புனைபெயரில் என் கதையையும் சேர்க்கலாமா? ‘வரும் கதைகள் அனைத்தும் வட்டத்துக்கே சொந்தம்’ என்று படிவத்தில் போடுகிறோம். கட்டணம் பத்து வெள்ளி. சரிதானே?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இல்லை, சகோதரி. மூன்றுமே சரியில்லை.

உங்கள் கதை நல்ல கதையாகவே இருக்கலாம். ஆனால் யார் யார் எழுதியிருக்கிறார்கள், கடைசி நாள் தாண்டி வந்ததை எடுப்பதா விடுவதா, எல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. நடுவர் நேர்மையாகவே பரிசு கொடுத்தாலும் ஊர் நம்பாது. புனைபெயர் வெளியே தெரிந்த அன்று வட்டத்தின் பெயரும் சேர்ந்து கெடும். எழுத ஆசை என்றால் இந்த வருடம் பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள். இல்லை, கதையை வேறு இடத்துக்கு அனுப்புங்கள். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை பல காலமாகச் சிறுகதைப் போட்டி நடத்தி, ‘பேரவைக் கதைகள்’ என்று தொகுத்தும் போடுகிறது. அனுப்பும் முன் விதிகளைப் படியுங்கள். பல போட்டிகளில் ஏற்கெனவே வெளிவந்த கதைக்கு இடமில்லை. ஆர்வத்தில் ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டால் அதுவும் வெளிவந்த கதையாகிவிடலாம்.

எனக்குக் கோபம் வந்தது அந்தச் ‘சொந்தம்’ என்ற சொல்லைப் பார்த்துத்தான். நம் மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி கதை எழுதியவருக்கே சொந்தம். அவர் ஆயுள் முழுக்க, அப்புறம் 50 ஆண்டு. அதை இன்னொருவருக்கு மாற்ற வேண்டுமானால் எழுத்தில் இருக்க வேண்டும். வேலை முடிந்து வந்து ராத்திரி உட்கார்ந்து எழுதிய ஒரு பெண், உங்கள் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது அதைத்தான் கொடுக்கிறார். பரிசு வாங்காத கதையையும் சேர்த்துக் கொடுக்கிறார். நாளை தன் தொகுப்பில் போட உங்களிடம் வந்து அனுமதி கேட்க வேண்டுமா?

என் இருபத்திரண்டாவது வயதில் ஒரு போட்டிக்குக் கதை அனுப்பினேன். பரிசு இல்லை. இரண்டு வருடம் கழித்து அவர்கள் மலரில் அது முடிவு மாற்றப்பட்டு என் பெயரோடு வந்தது. அம்மா படித்துவிட்டு, “அந்தப் பொண்ண ஏன்டா சாகடிச்ச?” என்று கேட்டார். நான் சாகடிக்கவில்லை. அதை அவருக்கு நம்ப வைக்க என்னிடம் நகல்கூட இல்லை.

‘பரிசு பெற்ற கதைகளை எங்கள் மலரில் ஒருமுறை வெளியிடுவோம், திருத்தம் இருந்தால் கேட்டுச் செய்வோம், மற்ற உரிமை எழுதியவருக்கே’ என்று போடுங்கள். உங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பெயரை மறைத்து எண் கொடுத்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். உங்கள் ஊர் போன்ற இடத்தில் கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். பேனாவில் எழுதி வருவதை மறுக்காமல் வாங்கி, வட்டத்துப் பிள்ளைகளை வைத்து எல்லாவற்றையும் ஒரே மாதிரி தட்டச்சு செய்யுங்கள். கதையில் ஒரு லயத்து வரிசை வீடும் ஒரு கோயிலும் வந்தாலே உள்ளூர்க்காரருக்கு ஆள் தெரிந்துவிடும். அதனால் நடுவர்களை உங்கள் பேராக் மாநிலத்துக்கு வெளியே, கெடாவிலோ ஜொகூரிலோ தேடுங்கள். அவர்கள் போடும் மதிப்பெண்ணைக் கூட்டி இரண்டால் வகுத்து முடித்துவிடாதீர்கள். ஒருவர் 90, இன்னொருவர் 40 போட்ட கதை, இருவரும் 70 போட்ட கதையிடம் தோற்றுப்போகும். அந்த 90-க்கு ஒரு காரணம் இருக்கும். இருவரையும் தொலைபேசியிலாவது பேச வையுங்கள். குறையில்லாத சப்பைக் கதைகள் முதல் பரிசு வாங்குவது பெரும்பாலும் இந்தக் கூட்டல் கணக்கால்தான்.

கட்டணம் வேண்டாம். பத்து வெள்ளியை யோசித்தே எழுதாமல் இருந்துவிடுவார்கள். பரிசுத் தொகையைக் குறையுங்கள், மேடைச் செலவைக் குறையுங்கள்.

1950-களின் தொடக்கத்தில் தமிழ் நேசன் ‘கதை வகுப்பு’ நடத்தியது. எழுதப் பழகுகிறவர்களுக்குப் பத்திரிகையே ஆசிரியராக இருந்தது. இங்கே சிறுகதை வேர்விட்டதில் அதற்குப் பங்கு உண்டு. உங்கள் போட்டிக்கு நாற்பது கதை வந்தால் முப்பத்தைந்து பேருக்குப் பரிசு கிடைக்காது. அவர்களுக்கும் நடுவரிடமிருந்து ஆளுக்கு நான்கு வரி வாங்கி அனுப்புங்கள்: கதை எங்கே நன்றாக இருந்தது, எங்கே விழுந்தது என்று. அதற்கு நடுவருக்குக் கூடுதலாக ஒரு மாதம் கொடுங்கள். முடிவைத் தீபாவளிக்கு அறிவிக்க முடியாவிட்டால் பொங்கலுக்கு அறிவிக்கலாம்.