பையன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான்

கேள்வி: வயது 45, கோவை. மூன்று வருடமாக கோல்ஃப் ஆடுகிறேன். அயர்ன் (இரும்புத் தலை மட்டை) ஷாட்டில் ஒரு தடவை மண்ணைத் தோண்டுகிறேன். அடுத்த தடவை பந்தின் உச்சியில் பட்டு உருண்டு ஓடுகிறது. “தலையைத் தூக்காதே” என்கிறார்கள் நண்பர்கள். புது மட்டை செட் வாங்கியும் பயனில்லை. ஞாயிறுதோறும் கூட வந்த 12 வயது மகன் “பந்துக்குப் பின்னாடியே புல் பிய்யுதுப்பா” என்று நச்சரித்ததால் அவனை இப்போது அழைத்துப் போவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள் தம்பி. மண், உச்சி, புது செட் என்று எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. புல் எங்கே பிய்கிறது என்று யாரும் எழுதியதில்லை. உங்கள் பிள்ளை பார்த்திருக்கிறான். அவன் வாயை அடைத்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறீர்கள்!

கிளப், அதாவது மட்டை, வட்டமாகச் சுழன்று வருகிறது. அந்த வட்டத்தின் அடிப்புள்ளி பந்தைத் தாண்டி இலக்குப் பக்கம் விழ வேண்டும். நன்றாக ஆடுகிறவர்களுக்குச் சுமார் 4 அங்குலம் தாண்டி விழும். அயர்ன் முதலில் பந்தைத் தொடும், அப்புறம்தான் புல்லைச் சீவும். உங்களுக்கு அது பந்துக்குப் பின்னாலேயே விழுகிறது. தரையில் இடித்தால் மண். இடிக்காமல் மேலேறி வந்தால் பந்தின் உச்சி. பந்தைக் கரண்டியால் அள்ளுவதுபோல் தூக்கப் பார்க்கிறீர்கள், அதனால் எடை வலது காலிலேயே நின்றுவிடுகிறது (வலதுகைக்காரர் என்றே வைத்துக்கொள்கிறேன்). பந்தை எழுப்ப அயர்னின் சாய்ந்த முகம் போதும். தலையை அழுத்திப் பிடித்தால் உடம்பு திரும்பாது, எடை இன்னும் பின்னாலேயே தங்கும்.

பயிற்சி செய்யும் புல்தரையில் கோலப்பொடியால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். இரண்டு பாதத்துக்கும் நடுவில் கோடு வரும்படி நின்று, பந்து இல்லாமல் வீசுங்கள். புல் கோட்டைத் தாண்டிப் பிய்ய வேண்டும். முடிக்கும்போது எடை இடது காலில், வலது குதிகால் மேலே, பெல்ட் பக்கிள் இலக்கைப் பார்த்து. பத்துக்கு எட்டு தடவை சரியாக வந்த பிறகு கோட்டின் மேல் பந்தை வையுங்கள். டிரைவர் என்ற நீள மட்டைக்கு இது பொருந்தாது. அதில் அடிப்பது டீ என்ற சிறு முளை மேல் இருக்கும் பந்து.

கோட்டைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். அப்பா செய்யும் தப்பை அப்பாவிடமே சொல்லும் பிள்ளையை நச்சரிப்பு என்று ஒதுக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. நாளைக்கு அவன் தன் தப்பை உங்களிடம் சொல்ல வேண்டாமா? வாரத்தில் அந்த ஒரு காலைதான் அவனுக்கு நீங்கள் கிடைத்தீர்கள்.

“நீ சொன்னதுதான் சரிடா, வா” என்று இன்றைக்கே சொல்லுங்கள். கோலப்பொடி டப்பா அவன் கையில் இருக்கட்டும்.