அரசுக் கல்லூரிக் கட்டணம்: வாசகர் கேள்விகளும் விடைகளும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதிலிருந்து இப்பகுதிக்கு வந்துகொண்டிருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை கல்லூரிக் கட்டணத்தைப் பற்றியவை. அரசுக் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் கட்டணப் பிரிவில் நெடுங்காலம் பணிபுரிந்தவன் என்ற முறையில், இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

என் மகளுக்கு அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இடம் கிடைத்துள்ளது. அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணமே இல்லை என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். சேர்க்கை நாளன்று சில ஆயிரம் ரூபாய் கட்டச் சொன்னார்கள். எங்களை ஏமாற்றுகிறார்களா?
— ஒரு தாய், தருமபுரி மாவட்டம்

உங்களை யாரும் ஏமாற்றவில்லை, அம்மா. ஊரார் சொன்னதும் பொய்யில்லை. தமிழ்நாட்டு அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பட்டப்படிப்புக்கான கல்விக் கட்டணம் 2007-08 கல்வியாண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் அலுவலக வழக்கில் 'கல்விக் கட்டணம்' என்பது, மாணவர் செலுத்தும் மொத்தத் தொகையில் ஒரே ஒரு தலைப்பின் பெயர். ஆசிரியர் பாடம் நடத்துவதற்காக அரசுக்குச் சேரவேண்டிய தொகை அது. அந்தத் தலைப்பு போய்விட்டாலும் ஏனைய தலைப்புகள் அப்படியே இருக்கின்றன.

அவற்றுள் முதலாவது, சிறப்புக் கட்டணம். நூலகம், ஆய்வகம், விளையாட்டு, ஆண்டு மலர், அடையாள அட்டை போன்றவற்றுக்காக வாங்கப்படும் இத்தொகை கல்லூரியிலேயே தங்கி, அந்தந்தச் செலவுக்கே பயன்பட வேண்டும். வேதியியலில் ஆய்வகம் உண்டு என்பதால், வரலாறோ தமிழ் இலக்கியமோ எடுத்த மாணவியைவிட உங்கள் மகளுக்குத் தொகை சற்றுக் கூடுதலாக இருக்கும். இரண்டாவது, கல்லூரி இணைவு பெற்றுள்ள பல்கலைக்கழகத்துக்குப் போய்ச்சேரும் பதிவுக் கட்டணம் முதலானவை. கல்லூரி இவற்றை வாங்கி அனுப்பும் இடைநிலையாளர் மட்டுமே. தேர்வுக் கட்டணம் இவற்றில் அடங்காது. அது ஒவ்வொரு பருவத்திலும், எழுதும் தாள்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தனியே கட்டவேண்டியது. ஆகவே முதல் நாளில் கட்டிய தொகையோடு அந்த ஆண்டின் செலவு முடிந்துவிட்டதாக எண்ணிவிடாமல், பருவத்தேர்வுக்கென்று கொஞ்சம் பணத்தை இப்போதே எடுத்துவையுங்கள்.

சிறப்புக் கட்டணத்தை நான் குறைகூற மாட்டேன். சோதனைக் குழாயும் அமிலமும் அந்தப் பணத்தில்தான் வாங்கப்படுகின்றன. என் மனத்தை உறுத்துவது வேறு. தலைப்புவாரியான தொகைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டாமல், மொத்தத் தொகையை மட்டும் வாயால் சொல்லும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. நான் பணத்தைப் பெறும் சாளரத்தில் இருந்த காலத்தில் ஒரு தாய், முந்தானையில் முடிந்துவைத்திருந்த பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, நூற்றெண்பது ரூபாய் குறைகிறது என்று ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். மறுநாள் காலை கல்லூரி திறக்கும் முன்பே பணத்தோடு வந்து நின்றார். முதல்வர் அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததால் அந்தப் பெண் படித்தாள். எவ்வளவு கொண்டுவர வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டியிருந்தால், அந்தத் தாய்க்கு அந்த ஓர் இரவு வந்திருக்காது.

எனவே ரசீதைத் தலைப்புவாரியாகக் கேட்டு வாங்குங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கென்று தொகை கேட்டால், அது கல்லூரிக் கட்டணம் அன்று, நன்கொடை. அதற்குக் கழகத்தின் பெயரில் தனி ரசீது இருக்க வேண்டும். அதைக் கொடுக்க இயலாதவருக்குச் சேர்க்கையை மறுப்பது முறையாகாது.

கட்டணத்தை உண்மையில் யார் தீர்மானிக்கிறார்கள்? ஒரு கல்லூரியில் சில ஆயிரம், இன்னொன்றில் சில இலட்சம் என்று இருப்பது ஏன்? இரண்டுமே அரசுடையவைதாமே?
— ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், கடலூர்

உங்கள் மாவட்டத்திலேயே இதற்கு மிகத் தெளிவான சான்று இருக்கிறது, ஐயா. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தமிழ்நாடு அரசு 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதன் பிறகும் அங்குள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்க்கும் மேல் செலுத்திவந்தார்கள். அதே காலத்தில் மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் அக்கட்டணம் 13,610 ரூபாய். காரணம் எளியது. அக்கல்லூரி உயர்கல்வித் துறையின்கீழ், பல்கலைக்கழகத்தின் சொந்த வரவுசெலவுக்குள் இருந்தது. மற்றவை மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ், அரசின் நிதிநிலை அறிக்கையிலிருந்து நேரடியாகச் சம்பளம் பெறும் நிறுவனங்களாக இருந்தன. 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கி, விடுதி மூடப்பட்ட பின்னும் விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். 2021 ஜனவரி இறுதியில் கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. அடுத்த சில நாள்களில் வந்த அரசாணை, எம்.பி.பி.எஸ். கட்டணத்தை 13,610 ரூபாய் என்றும் பி.டி.எஸ். கட்டணத்தை 11,610 ரூபாய் என்றும் மற்ற அரசுக் கல்லூரிகளுக்கு நிகராக நிர்ணயித்தது. கட்டடமும் பேராசிரியர்களும் பாடத்திட்டமும் மாறவில்லை. கணக்கு எந்தத் துறையின் ஏட்டில் எழுதப்படுகிறது என்பது மட்டுமே மாறியது. கட்டணம் முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது.

இதிலிருந்து பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது, கல்லூரிப் பெயர்ப்பலகையில் 'அரசு' என்ற சொல் இருக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல், ஆசிரியருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்க வேண்டும் என்பதே. அரசு கலைக் கல்லூரியில் சம்பளம் கருவூலத்திலிருந்து வருகிறது. ஆகவே கட்டணம் செலவைக் கணக்கிட்டு வைக்கப்படுவதில்லை. அது அரசு எடுக்கும் கொள்கை முடிவு, அரசாணையாக வெளிவருகிறது. அரசு உதவிபெறும் கல்லூரிகளில் ஒரே வளாகத்துக்குள் இரண்டு நடைமுறைகள் உண்டு. உதவிபெறும் பிரிவின் ஆசிரியருக்கு அரசு சம்பளம் தருகிறது. சுயநிதிப் பிரிவின் ஆசிரியருக்கு மாணவர் கட்டும் பணத்திலிருந்தே சம்பளம் போகிறது. அதே பாடம், அதே பட்டம், கட்டணம் மட்டும் பல மடங்கு வேறுபடும். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவுக்குக் குறியிடுகிறோம் என்பதைப் பாராமல் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு வருந்திய குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தேர்வுக் கட்டணத்தையும் சான்றிதழ்க் கட்டணத்தையும் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவாகிய சிண்டிகேட் தீர்மானிக்கிறது. 2023 நவம்பரில் அண்ணா பல்கலைக்கழகம் ஒரு தாளுக்கான தேர்வுக் கட்டணத்தை 150 ரூபாயிலிருந்து 225 ரூபாயாக உயர்த்தியதும், எதிர்ப்பு எழுந்தவுடன் அன்றைய உயர்கல்வி அமைச்சர் அந்த உயர்வு நிறுத்திவைக்கப்படுவதாக அறிவித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். தனியார் தொழிற்கல்லூரிகளைப் பொறுத்தவரை, 2002-இலும் 2003-இலும் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளைத் தொடர்ந்து, ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதியின் தலைமையிலான குழு கட்டணத்தை நிர்ணயிக்கிறது. நன்கொடை வாங்குவதை 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தடைசெய்கிறது.

அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க இணைய மையத்தில் பெருந்தொகை கேட்கிறார்கள். இதுதான் விண்ணப்பக் கட்டணமா?
— மாணவி, திருவண்ணாமலை

இல்லை. அண்மை ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய் என ஆக மொத்தம் 50 ரூபாய்தான். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு 2 ரூபாய் மட்டுமே. மீதியெல்லாம் அந்த மையத்தின் கூலி. அரசுக் கல்லூரிகளிலேயே சேர்க்கை உதவி மையங்கள் இயங்குகின்றன, அங்கே போங்கள்.

முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ் வாங்கிவிட்டேன். அரசு கலைக் கல்லூரியில் கட்டணம் குறையுமா?
— மாணவர், இராமநாதபுரம்

குறையாது, தம்பி. 2010-11 முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சலுகை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் சேர்வோரின் கல்விக் கட்டணத்துக்கானது. நீங்கள் சேரும் படிப்பில் கல்விக் கட்டணமே இல்லை. ஆனாலும் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள்; துணைக்கலந்தாய்வில் பொறியியல் இடம் கிடைத்தால் பயன்படும். உடன்பிறந்தவர் எவரும் முன்பே பட்டம் பெற்றிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. நீங்கள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவராக இருந்தால், தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டையும் பாருங்கள். அதன்வழிச் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கலைக் கல்லூரியிலேயே தொடர்ந்தாலும், 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெற வழியுண்டு.

நான் பட்டியலினத்தைச் சேர்ந்தவன். உதவித்தொகை வரும்வரை காத்திருக்க முடியாது, முழுக் கட்டணத்தையும் இப்போதே கட்டு என்று கல்லூரியில் சொல்கிறார்கள்.
— மாணவர், விழுப்புரம் மாவட்டம்

பள்ளிமேற்படிப்பு உதவித்தொகையின் செலவில் 60 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்பதென்று 2020 டிசம்பரில் முடிவானது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 இலட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அந்த மாற்றத்துக்குப் பிறகு ஒன்றிய அரசின் பங்கு கல்லூரிக்குப் போகாமல் மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. நோக்கம் நல்லதுதான். ஆனால் தொகை கல்வியாண்டின் பிற்பகுதியில் வருகிறது, கல்லூரியோ ஜூலையிலேயே கேட்கிறது. இந்த இடைவெளிதான் உங்களைப் போன்றவர்களை வட்டிக்குக் கடன் வாங்கவைக்கிறது. இத்திட்டத்தின் வழிகாட்டு நெறிகளே, தகுதியுள்ள மாணவரிடம் முன்பணம் கேளாமல் சேர்த்துக்கொள்வதற்காகக் கட்டணமில்லாச் சேர்க்கை அட்டை வழங்கலாம் என்று சொல்கின்றன.

முதலில் உங்கள் சாதி, வருமானச் சான்றுகளின் நகலோடு முதல்வருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்குங்கள். பயனில்லையென்றால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் அதே நகலைக் கொடுங்கள். வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்பதையும் இப்போதே வங்கியில் கேட்டு உறுதிசெய்யுங்கள். இணையாத கணக்குக்குப் பணம் வந்துசேராது. பணம் வந்த பிறகு, கல்லூரிக்கு உரிய பகுதியை வேறு செலவுக்கு எடுத்துவிடாமல் உடனே செலுத்துங்கள்.

கடைசி நாள் மாலையில் இணையவழியாகப் பணம் கட்ட முயன்றோம், முடியவில்லை. இடம் போய்விட்டது. இனி வழியில்லையா?
— ஒரு தந்தை, தேனி மாவட்டம்

உடனே எழுத்தில் முறையிடுங்கள். வங்கிப் பரிவர்த்தனை தோல்வியுற்ற செய்தியையும் நேரத்தையும் இணைத்துக் கொடுங்கள். இதே நிலை 2024-இல் உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு கூலித் தொழிலாளியின் மகனுக்கு ஏற்பட்டது. தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் பெற்ற அந்தப் பட்டியலின மாணவர், 17,500 ரூபாயை ஜூன் 24 மாலை 5 மணிக்குள் கட்ட வேண்டியிருந்தது. ஊராரிடம் திரட்டிய பணம் கைக்கு வந்தபோது நேரம் 4.45. சில நிமிடங்களில் இணையதளம் மூடிக்கொண்டது. அவ்வாண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் அவர் சென்னை உயர்நீதிமன்றம்வரை வந்து, பிறகு உச்சநீதிமன்றத்துக்குச் சென்றார். செப்டம்பர் 30 அன்று உச்சநீதிமன்றம் அரசமைப்பின் 142-ஆவது பிரிவின்கீழ் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரைச் சேர்க்க உத்தரவிட்டது. ஒரு பிள்ளையின் இடத்தைக் காக்க மூன்று மாதமும் நாட்டின் உயர்ந்த நீதிமன்றமும் தேவைப்பட்டன என்பதை எண்ணும்போது, கெடு முடிந்த பிறகும் ஓரிரு நாள் காரணத்தோடு ஏற்கும் விதி ஒவ்வொரு சேர்க்கை முறையிலும் இருந்தாக வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த விதி வரும்வரை, கடைசி நாளைக் கடைசி நாளாகக் கொள்ளாமல் அதற்கு முந்தைய நாளில் கட்டிவிடுங்கள்.

ஒரு கல்லூரியில் கட்டணம் கட்டிச் சேர்ந்த பின் வேறிடத்தில் வேளாண் படிப்பு கிடைத்துவிட்டது. கட்டிய பணமும் மூலச் சான்றிதழ்களும் திரும்பக் கிடைக்குமா?
— மாணவி, புதுக்கோட்டை

கிடைக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு அறிவிக்கை, சேர்க்கையின் கடைசி நாளைக் கொண்டு அளவிடுகிறது. அந்நாளுக்கு 15 நாள்களோ அதற்கும் மேலோ இருக்கும்போது விலகினால் முழுத்தொகை, 15 நாளுக்குள் என்றால் 90 விழுக்காடு, கடைசி நாளுக்குப் பின் 15 நாள்வரை 80, 16-ஆம் நாள் முதல் 30-ஆம் நாள்வரை 50, அதற்கப்பால் ஒன்றுமில்லை. முழுத்தொகை தரும்போது மட்டும் 5 விழுக்காட்டுக்கு மேற்படாமல், அதிக அளவாக 5,000 ரூபாய்வரை நடைமுறைச் செலவென்று பிடிக்கலாம். இதைத் தவிர, கலந்தாய்வுகள் தாமதமாகும் ஆண்டுகளில் குழு தனிச் சுற்றறிக்கையும் விடுகிறது. 2024-25-இல் செப்டம்பர் 30-க்குள் விலகியோருக்கு முழுத்தொகையும், அக்டோபர் 31-க்குள் விலகியோருக்கு 1,000 ரூபாய்க்கு மேற்படாத பிடித்தத்துடனும் திருப்பித்தரச் சொன்னது. நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கான சுற்றறிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காஷன் டெபாசிட் எனப்படும் காப்புத்தொகை கட்டணமே அன்று, அது உங்கள் பணம். எப்போது விலகினாலும் முழுவதுமாகத் திரும்ப வேண்டும். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திருப்பித்தர வேண்டும், பிடித்துவைக்க எந்தக் கல்லூரிக்கும் உரிமையில்லை என்று அதே அறிவிக்கை சொல்கிறது. விலகல் கடிதத்தைத் தேதியிட்டு இன்றே கொடுங்கள், மகளே; வேளாண் கல்லூரியில் சேர்ந்த பிறகு கொடுக்கலாம் என்று வைத்திருந்தால், ஒவ்வொரு கெடுவும் கடக்கும்போது உங்கள் தொகை குறையும். கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையைப் பெற்றுக்கொண்டு, ரசீதோடு சேர்த்து வையுங்கள்.