ஃபில்டர் பக்கம் ஆயில் கொட்டுவது பற்றி

வணக்கம் நண்பரே. வீட்டிலேயே ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஃபில்டர் பக்கம் ஆயில் கொட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். இப்படி ஒழுகினால் சில நிமிடங்களில் ஆயில் இறங்கிவிடும், அப்புறம் இன்ஜினுக்குள் சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங் போய்விடும்.

எனக்குப் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையத்தின் மீதுதான் சந்தேகம். கழற்றும்போது அது சில சமயம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் புது வளையம் உட்கார்ந்தால், முறுக்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். பிரஷர் ஏறியதும் வளையம் பிதுங்கி ஆயில் பீய்ச்சும். எனக்கும் ஒருமுறை இதேதான் நடந்தது. கறுத்துப்போன வளையம் இரும்போடு இரும்பாகத் தெரிந்ததால் கண்ணில் படவே இல்லை.

அதனால் இன்ஜின் ஆறியதும் ஃபில்டரைக் கழற்றி, அது உட்காரும் இடத்தை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். பழைய வளையம் இருந்தால் உரித்து, துணியால் நன்றாகத் துடையுங்கள். புது வளையம் நசுங்கியிருந்தால் வேறு ஃபில்டர்தான் வாங்க வேண்டும். சரியாக இருந்தால் அதன் மேல் கொஞ்சம் ஆயில் தடவி, இன்ஜினைத் தொட்டபின் கையால் முக்கால் சுற்று இறுக்குங்கள், பெரும்பாலான ஃபில்டருக்கு அது போதும்.

பிறகு டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு காட்டும் கம்பியைப் பார்த்து, எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு ஆயில் ஊற்றுங்கள். அடியில் போகும்போது ஜாக்கை மட்டும் நம்ப வேண்டாம், கட்டாயம் ஸ்டாண்ட் வையுங்கள்.