வட்டி யாருக்கு, தவணை யாருக்கு? கால்பந்துக் கடன் கேள்வி-பதில்

டிரான்ஸ்பர் விண்டோ, அதாவது கிளப்கள் வீரர்களை வாங்கி விற்கும் காலம், திறந்தால் போதும், கடிதங்கள் குவிந்துவிடுகின்றன. மகிழ்ச்சி. ஆனால் பாதிக் கடிதங்களில் நாணயம் இல்லை, ஆண்டு இல்லை. "800 கடனாமே?" என்று கேட்டால் நான் என்ன செய்ய? பவுண்டா, யூரோவா, எந்த வருஷக் கணக்கு என்று சேர்த்து எழுதுங்கள். இனி அப்படி எழுதாதவர்களுக்குப் பதில் வராது.

மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 1000 கோடி கடன் இருக்கிறதாம். பிறகு எப்படி வருஷா வருஷம் ஆள் வாங்குகிறார்கள்? (பெரம்பூர்)

பார்த்தீர்களா, முதல் கடிதமே! 1000 கோடி ரூபாய் என்றால் ரொம்பக் குறைவு. பவுண்டு என்றால் அந்தக் கிளப்பையே இரண்டு முறை வாங்கிவிடலாம். நீண்டகாலமாக அங்கே நிற்கும் அசல் சுமார் 65 கோடி டாலர். டாலரில் வாங்கிய கடன் என்பதால் பவுண்டு சரிந்தால் உட்கார்ந்த இடத்திலேயே கடன் ஏறும். அதற்கு மேல் வங்கியில் அவ்வப்போது எடுத்துக் கட்டும் கைச்செலவுக் கடன் தனி.

ஆள் வாங்குவது எப்படி என்றால், தவணையில். அறிவிப்பு வரும் அன்று முழுப் பணமும் கைமாறுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி வாங்குபவர்கள் அபூர்வம். வீரர்களுக்காக மற்ற கிளப்களுக்கு யுனைடெட் வைத்திருக்கும் பாக்கி சமீப ஆண்டுகளில் 30 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. செய்திகளில் வரும் 'நிகரக் கடன்' (கையிருப்பைக் கழித்த கடன்) எண்ணில் இது பெரும்பாலும் சேராது. எனவே கடன் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். யாருக்கு, என்ன வட்டிக்கு, எப்போது கட்டவேண்டும் என்று கேளுங்கள்.

2009-ல் ரொனால்டோவை ரியல் மாட்ரிட்டுக்கு 8 கோடி பவுண்டுக்கு விற்றார்களே, அந்தப் பணம் எங்கே போனது? (திருச்சி)

எங்கேயும் போகவில்லை, அதுதான் ரசிகர்களின் வயிற்றெரிச்சல். பெரும்பகுதி வங்கியிலேயே கிடந்தது. அந்தக் கோடையில் வந்த முக்கியமான ஆள் வலென்சியா, சுமார் 1.6 கோடி. மைக்கேல் ஓவன் இலவசமாக வந்தார்.

பின்னணி இது. 2005-ல் கிளேசர் குடும்பம் சுமார் 79 கோடி பவுண்டுக்குக் கிளப்பை வாங்கியபோது, அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கடன். வாங்கியவர்கள் பட்ட கடனின் பெரும்பகுதி வாங்கப்பட்ட கிளப்பின் தலையிலேயே ஏறியது. இன்னொரு பகுதியைக் குடும்பம் தன் பெயரில் வைத்திருந்தது. அதற்கு வட்டி கட்டவேண்டாம், அசலோடு சேர்ந்து குட்டி போட்டுக்கொண்டே போகும். 2010-ல் அதன் வட்டி 16.25 சதவீதம், நம்மூர்த் தனிநபர் கடன் அளவுக்கு. அதே ஆண்டு ஜனவரியில் பழைய வங்கிக் கடனை அடைக்க 50 கோடி பவுண்டுக்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். கிளப்பின் கையிருப்பிலிருந்து 7 கோடியை மேலே எடுத்துக்கொள்ளலாம் என்று அதன் விளக்க அறிக்கையிலேயே வழி வைத்திருந்தார்கள். கடைசியில் அந்த நவம்பரில் குடும்பம் வேறு வழியில் தன் கடனை அடைத்தது. ஆனால் அப்படியொரு கதவு திறந்திருக்கும்போது எந்த மேனேஜருக்குத் தாராளமாகப் பணம் கொடுப்பார்கள்?

என்சோ ஃபெர்னாண்டஸுக்கு 10.7 கோடி பவுண்டு கொடுத்தும் செல்சி எப்படி விதிக்குள் நின்றது? ஏமாற்று வேலைதானே? (கோவை, கல்லூரி மாணவர்)

ஏமாற்று இல்லை தம்பி, கணக்கு. ரொக்கம் வேறு, ஏடு வேறு. நஷ்டத்துக்கு வரம்பு போடும் விதி பார்ப்பது ஏட்டைத்தான். ஒப்பந்தம் எட்டரை வருஷம். விலையை அத்தனை வருஷத்துக்கும் பரப்பினால் ஏட்டில் ஆண்டுக்குச் சுமார் 1.25 கோடிதான் செலவு. அவரை விற்ற பென்ஃபிகாவுக்கோ தவணைப் பணம் சில வருஷங்களுக்குள் போய்ச் சேர்ந்தாகவேண்டும். இந்த வித்தையைப் பார்த்துவிட்டு 2023 கோடையில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏ ஐந்து வருஷத்துக்கு மேல் பரப்பக்கூடாது என்றது. டிசம்பரில் இங்கிலாந்தின் முதல் அடுக்கான பிரீமியர் லீக்கும் அதையே சொன்னது.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். அதே 2023-ல் செல்சியின் மேசன் மவுன்ட் சுமார் 5.5 கோடிக்கு விற்கப்பட்டார். அகாடமியில் வளர்ந்த பையன் என்பதால் ஏட்டில் அவருடைய விலை பூஜ்யம், வந்தது முழுக்க லாபம். கூடுதலாக வாங்கிய கிளப்கள் சொந்தப் பிள்ளைகளை முதலில் விற்பதற்கு இதுதான் காரணம்.

எங்கள் ஊரில் வெங்கீஸ் பெயர் தெரியாத கோழிப்பண்ணை கிடையாது. அவர்கள் வாங்கிய பிளாக்பர்ன் ரோவர்ஸுக்கு ஏன் பெரிய வீரர்கள் வருவதில்லை? (நாமக்கல்)

2010 நவம்பரில் சுமார் 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். 2012-ல் அணி பிரீமியர் லீக்கை விட்டு இறங்கியது. 2017-ல் மூன்றாம் அடுக்குக்கே போய் அடுத்த ஆண்டு மேலே வந்தது. இதுவரை உரிமையாளர்கள் போட்ட பணம் 20 கோடி பவுண்டுக்கு மேல். இது வங்கிக் கடன் மாதிரி இல்லை. முதலாளி கொடுக்கும் கடனுக்கு யாரும் வாசலில் வந்து நிற்கமாட்டார்கள், வேண்டும்போது பங்காகவும் மாற்றிக்கொள்ளலாம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பணம் வரும் குழாய் ஒன்றே ஒன்று. இந்தியாவில் அமலாக்கத்துறை விசாரணை வந்ததும், பணம் அனுப்புவதற்கு டில்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. நிதி சுருங்கிய அந்த நேரத்தில்தான், 2024 பிப்ரவரியில், சொந்த அகாடமியில் வளர்ந்த ஆடம் வார்ட்டன் கிரிஸ்டல் பேலஸுக்குச் சுமார் 1.8 கோடிக்குப் போனார். விலை குறைவு என்று அன்றே பலர் முணுமுணுத்தார்கள்.

தவணையில் வாங்கிய கிளப் நடுவில் திவாலானால், விற்ற கிளப்புக்கு நஷ்டம்தானே? தெரிந்தும் ஏன் கடனுக்கு விற்கிறார்கள்? (மதுரை)

இப்படி ஒரு கேள்வி வராதா என்று காத்திருந்தேன். நஷ்டம் வராது ஐயா. இங்கிலாந்தில் அதற்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறார்கள், எனக்கு அதன்மேல் பல வருஷக் கோபம்.

போர்ட்ஸ்மத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-ல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற அணி. தகுதிக்கு மீறிய சம்பளம், தவணையில் வாங்கிய வீரர்கள், அடுத்தடுத்து மாறிய முதலாளிகள். 2010 பிப்ரவரியில், பிரீமியர் லீக்கில் ஆடிக்கொண்டிருக்கும்போதே நொடித்து நீதிமன்ற நிர்வாகியின் கைக்குப் போன முதல் கிளப் ஆனது. 9 புள்ளிகள் வெட்டு. மொத்தக் கடன் கிட்டத்தட்ட 12 கோடி பவுண்டு.

கிளப் யார் யாருக்குக் கடன்பட்டது என்ற கடன்காரர் பட்டியல் வெளியானபோது அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தவன் நான். மேலே பெரிய எண்கள், முன்னாள் முதலாளிகள், கிளப்கள், வரித்துறை. கீழே வரவர உள்ளூர்ப் பெயர்கள். மைதானத்தில் முதலுதவிக்கு நின்ற செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டர்களுக்குச் சில ஆயிரம் பவுண்டு பாக்கி. ஊர்ச் சாரணர் குழு ஒன்றுக்குச் சில நூறு பவுண்டு. இவர்களுக்கெல்லாம் பேசி முடித்தது பவுண்டுக்கு 20 பென்ஸ், அதுவும் பல வருஷத் தவணையில். வரித்துறைக்கும் அதே கதிதான்.

வீரர்களின் சம்பள பாக்கியும் மற்ற கிளப்களுக்கான டிரான்ஸ்பர் தவணையும் என்ன ஆயின? முழுசாகக் கொடுத்தாகவேண்டும். கால்பந்துக் கடன்காரர்களுக்கு முழுப் பணமும் தீர்க்காத கிளப்புக்கு லீக்கில் இடமில்லை என்பது விதி. நிர்வாகி வருவதற்கு முன்பே, போர்ட்ஸ்மத்துக்குச் சேரவேண்டிய தொலைக்காட்சிப் பணத்தைப் பிரீமியர் லீக் பிடித்து, பாக்கி வைக்கப்பட்ட கிளப்களுக்கு நேரடியாகத் திருப்பிவிட்டது. வரித்துறை வழக்குப் போட்டுப் பார்த்தது. 2012-ல் தோற்றது.

லீக் தரப்பு வாதம் எனக்குத் தெரியும், எழுதி அனுப்பவேண்டாம். ஒரு கிளப் பாக்கியைக் கட்டாவிட்டால் அடுத்தது சரியும், அதை நம்பியிருப்பது அதற்கடுத்துச் சரியும் என்பார்கள். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் விளைவு என்ன? விற்கிற கிளப் வாங்குகிறவனின் யோக்கியதையைப் பார்ப்பதே இல்லை. மைதானத்துக்கு ரொட்டி போடுகிறவன்கூடச் சந்தேகம் வந்தால் அட்வான்ஸ் கேட்பான். விற்கிற கிளப் கேட்காது, தன் பணம் வரிசையில் முதலில் நிற்கிறது என்று அதற்குத் தெரியும். கேள்வி கேட்காமல் கடன் கிடைக்கிற சந்தையில் விலை ஏறாமல் என்ன செய்யும்? முதலுதவிக்காரரும் சாரணர் பையன்களும் கையெழுத்துப் போடாமலேயே இந்த டிரான்ஸ்பர்களுக்கு ஜாமீன் நிற்கிறார்கள்.

நொடித்த அந்த 2010 மே மாதமே போர்ட்ஸ்மத் வெம்பிளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டி ஆடியது, செல்சியிடம் 1-0 தோல்வி. கடன்காரர்கள் டிவியில் பார்த்திருப்பார்கள். 2013-ல் ரசிகர்களே கிளப்பை வாங்கினார்கள், அப்போது அணி நான்காம் அடுக்கின் வாசலில் நின்றது. 2024-ல்தான் இரண்டாம் அடுக்குக்குத் திரும்பியது. 2025-ல் இங்கிலாந்தில் சட்டம் வந்து, தனி ஒழுங்குமுறை அமைப்பு உரிமம் கொடுக்கும்போது நிதித் திட்டத்தைக் கேட்கும் என்றாகியிருக்கிறது. கேட்கட்டும். கேட்கும்போது பட்டியலின் கடைசிப் பக்கத்தையும் பார்க்கட்டும்.

பார்சிலோனா மெஸ்ஸிக்குப் பணமில்லை என்றது. அடுத்த வருஷமே லெவன்டோவ்ஸ்கியை வாங்கியது. பொய்தானே சொன்னார்கள்? (புதுச்சேரி)

இல்லை. 2021 ஆகஸ்டில் கடனும் பாக்கியும் சேர்ந்து 135 கோடி யூரோ என்று தலைவர் லபோர்டாவே அறிவித்தார். சம்பளம் மட்டும் வருமானத்தைத் தாண்டியிருந்தது. ஸ்பெயினில் லீக் ஒவ்வொரு கிளப்புக்கும் சம்பள வரம்பு போட்டுவிடும். மெஸ்ஸி பாதிச் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டும் பதிவுசெய்ய இடமில்லை. 2022-ல் செய்தது எதிர்கால வருமானத்தை விற்றது. லீக் ஒளிபரப்பு வருமானத்தில் 25 சதவீதத்தை 25 வருஷத்துக்கு சிக்ஸ்த் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். அந்தப் பணத்தில்தான் லெவன்டோவ்ஸ்கி, ரஃபீன்யா, கூண்டே. மூவருக்கும் சேர்த்துச் சுமார் 15 கோடி யூரோ. அந்த மூவரும் ஓய்வுபெற்று வீட்டுக்குப் போன பிறகும் ஒளிபரப்புப் பணத்தில் கால்பங்கு வெளியே போய்க்கொண்டிருக்கும்.

இன்டர் மிலான் 2021-ல் சாம்பியன். உடனே லுக்காக்குவையும் ஹக்கீமியையும் விற்றது ஏன்? (யாழ்ப்பாணம்)

முதலாளியான சுனிங் நிறுவனம் சீனாவில் திணறிக்கொண்டிருந்தது. ஓக்ட்ரீ என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்திடம் 27.5 கோடி யூரோ கடன், 12 சதவீத வட்டி. 2024 மே மாதம் கட்டமுடியவில்லை, கிளப் ஓக்ட்ரீக்குப் போனது. அதுவும் அணி மறுபடி சாம்பியன் ஆகி ஒரு மாதத்தில்.

டோட்டன்ஹாமுக்குத்தானே கடன் அதிகம்? அவர்கள் ஏன் கவலைப்படுவதில்லை? (சேலம்)

யாருக்கு, என்ன வட்டிக்கு, எப்போது? மேலே சொன்னதுதான். அரங்கத்துக்காக வாங்கிய கடன், 2019-ல் பெரும்பகுதியை நீண்டகாலப் பத்திரங்களாக மாற்றிக்கொண்டார்கள். சராசரி வட்டி மூன்று சதவீதத்துக்கும் கீழே. அரங்கமோ ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சம்பாதித்துக் கொடுக்கிறது. வலி கட்டுமானக் காலத்தில்தான். 2018 கோடையில் ஒரு ஆளைக்கூட வாங்கவில்லை, விண்டோ முறை வந்த பிறகு பிரீமியர் லீக்கில் எந்தக் கிளப்பும் அப்படிக் கோடையைக் கழித்ததில்லை. அரங்கம் திறந்த அடுத்த கோடையிலேயே என்டொம்பெலே என்ற வீரருக்குக் கிளப் வரலாற்றில் அதுவரை இல்லாத விலை கொடுத்தார்கள். அந்தப் பணம் வீணானது கடனின் குற்றமில்லை.

லீட்ஸ் வீழ்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லமுடியுமா? (ஈரோடு)

முடியும். வரப்போகும் டிக்கெட் பணத்தை அடமானம் வைத்து 6 கோடி பவுண்டு, 25 வருஷக் கடன். ஐரோப்பாவின் பெரிய கிளப் தொடரான சாம்பியன்ஸ் லீக் வருமானம் தொடரும் என்ற நம்பிக்கையில் வாங்கிக் குவித்தார்கள். 2001-ல் அரையிறுதி, அதற்குப் பிறகு அந்தத் தொடருக்கே தகுதி இல்லை. 2004-ல் இறக்கம்.

கடன் வந்தால் எப்போதுமே அணி நாசம்தானா? (விழுப்புரம்)

எப்போதும் இல்லை. ஜெர்மனியின் டார்ட்மண்ட் 2000-ல் பங்குச்சந்தைக்குப் போனது, அள்ளி வீசியது, அரங்கத்தையே விற்றது. 2005 மார்ச்சில் டியூசல்டார்ஃப் விமான நிலையத்தில் அந்த அரங்கத்தின் முதலீட்டாளர்கள் கூடி, கிளப்பைக் காப்பாற்றும் திட்டத்தின்மீது ஓட்டுப்போட்டார்கள். மறுத்திருந்தால் கிளப் அன்றோடு முடிந்திருக்கும். ஒப்புக்கொண்டார்கள். பிறகு கையில் காசில்லாததால் தேடித்தேடி வாங்கினார்கள். லெவன்டோவ்ஸ்கி சுமார் 45 லட்சம் யூரோ, ககாவா சில லட்சம்தான். 2011, 2012 இரண்டு ஆண்டும் சாம்பியன். ஆனால் எல்லாரையும் பஞ்சம் இப்படி வளர்த்துவிடாது. பார்க்கும் கண்ணுள்ள ஆட்களும் கிளோப் மாதிரி ஒரு பயிற்சியாளரும் வேண்டும்.

இதையெல்லாம் நானே படித்துத் தெரிந்துகொள்ள எங்கே தொடங்கலாம்? (தஞ்சாவூர்)

இப்படிக் கேட்பவர்கள் குறைவு, நன்றி. இங்கிலாந்துக் கிளப்களின் ஆண்டுக் கணக்கு அந்நாட்டு நிறுவனப் பதிவகத்தில் இலவசமாகக் கிடைக்கும். யுனைடெட் நியூயார்க் பங்குச்சந்தையில் இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும். தலைவர் உரையைத் தாண்டிப் போங்கள். பின்பக்கக் குறிப்புகளில் வீரர் டிரான்ஸ்பருக்காகக் கொடுக்கவேண்டிய பாக்கி, ஒரு வருஷத்துக்குள் எவ்வளவு, அதற்குப் பிறகு எவ்வளவு என்று இரண்டு வரி இருக்கும். அடுத்த கோடையில் என்ன வாங்குவார்கள் என்பது முதல் வரியில் இருக்கிறது.